வெளிநாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற வீட்டுச் சாதனங்கள்: பெட்டி கட்டும் முன் 26 குறிப்புகள்

மகன் டெக்சாஸுக்கு வேலைக்குப் போகிறான், மகள் திருமணமாகி டொரண்டோவுக்குக் கிளம்புகிறாள் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "மிக்ஸி எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்பதுதான். நம் ஊரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் செருகினால் ஆசையாக வாங்கிய சாதனம் வீணாகும். சில நேரம் தீ விபத்தே நேரலாம். பெட்டி கட்டும் முன் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பார்த்தால் இந்தச் செலவையும் ஆபத்தையும் முழுவதுமாகத் தவிர்த்துவிடலாம்.

அடிப்படை

1. எந்தச் சாதனமாக இருந்தாலும் முதலில் திருப்பிப் போட்டு, அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை வாட். சில லேபிள்களில் வாட் இருக்காது, ஆம்பியர் மட்டும் இருக்கும். அப்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் ஏறத்தாழ வாட் கணக்கு வந்துவிடும். எடுத்துச் செல்ல நினைக்கும் ஒவ்வொரு சாதனத்தின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடாப்டரோ டிரான்ஸ்பார்மரோ வாங்கும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

2. போகும் நாட்டின் மின்சாரம் நம்முடையதைப் போன்றதுதானா என்று பாருங்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் எல்லாம் 220 முதல் 240 வோல்ட்டுக்குள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். நம் ஊர் மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அங்கே ஓடும். பிளக்கை மட்டும் அந்த ஊருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

3. கவனம் தேவைப்படும் நாடுகள் சில உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தைவானில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தென்கொரியாவில் 220 வோல்ட்தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ். சவுதி அரேபியாவிலும் 60 ஹெர்ட்ஸ்தான். அங்கே இப்போது 230 வோல்ட்டுக்கு மாறி வருகிறார்கள் என்றாலும் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் சாக்கெட்டுகள் இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருப்பதுண்டு என்பதால், குடிபோகும் நாளிலேயே வீட்டு உரிமையாளரிடம் எது எந்த சாக்கெட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. அங்கே நாடு முழுவதும் 100 வோல்ட். ஆனால் டோக்கியோவை உள்ளடக்கிய கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவை உள்ளடக்கிய மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும், ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர்களை வரவழைத்ததால் வந்த பிரிவு இது. இன்றுவரை மாறவில்லை. எனவே ஜப்பானில் மோட்டார் உள்ள சாதனம் வாங்கினால் "50/60 ஹெர்ட்ஸ்" என்று இரண்டும் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வேலை மாறி ஊர் மாறினாலும் கவலை இருக்காது.

5. பிளக் அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மாற்றும் துண்டு மட்டுமே. அது வோல்ட்டைக் கூட்டாது, குறைக்காது. 200 ரூபாய்க்கு விற்கும் 'உலகமெங்கும் பயன்படும்' அடாப்டரை மாட்டிவிட்டு 230 வோல்ட் சாதனத்தை அமெரிக்க சாக்கெட்டில் செருகினால் உள்ளே போவது 120 வோல்ட்தான். பின் உள்ளே நுழைந்துவிட்டது என்பதை வைத்து மின்சாரமும் பொருந்திவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வெளிநாட்டில் சாதனங்கள் எரிந்துபோவதற்கு அடிக்கடி காரணமாவது இந்த ஒரு குழப்பம்தான்.

6. லேபிளில் "இன்புட்: 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் அந்தச் சாதனம் உலகில் எங்கும் ஓடும். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், டேப்லெட், கேமரா சார்ஜர், பெரும்பாலான எலெக்ட்ரிக் பல் துலக்கிகளின் யு.எஸ்.பி. சார்ஜர் ஆகியவை இந்த வகை. இவற்றுக்குப் பிளக் அடாப்டர் மட்டும் போதும். கன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர் எதுவும் தேவையில்லை. கடைக்காரர் வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள்.

7. சூடாக்கும் சாதனங்களில் வோல்ட் மாறினால் விளைவு பல மடங்காகிறது. வோல்ட் பாதியானால் வெப்பம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. நம் ஊர் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை அமெரிக்க மின்சாரத்தில் போட்டால் கிடைப்பது சுமார் 270 வாட் சூடு. சட்டைச் சுருக்கம் போகாது. தலைகீழாக, அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட், 1000 வாட் சாதனத்தை நம் 230 வோல்ட்டில் செருகினால் அது 3600 வாட்டுக்கு மேல் இழுக்கும். சில நொடிகளில் காயில் எரியும், வயர் உருகும். குறைந்த வோல்ட் சாதனத்தைக் கூடுதல் வோல்ட்டில் போடுவதே மிகப் பெரிய ஆபத்து என்பதை நினைவில் வையுங்கள்.

8. ஹெர்ட்ஸ் என்ற எண்ணையும் அலட்சியப்படுத்தாதீர்கள். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் உள்ள மோட்டார். வோல்ட் சரியாக இருந்தால் 50, 60 இரண்டிலும் ஓடும். ஆனால் வெட் கிரைண்டர், மேசை விசிறி, ஃபிரிட்ஜ் போன்றவற்றில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மெதுவாகச் சுற்றுவதோடு அதிகம் சூடேறும். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை வைத்து நேரம் காட்டும் பழைய அலாரம் கடிகாரங்களைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கடிகாரம் 60 ஹெர்ட்ஸ் நாட்டில் ஒரு மணிக்கு 12 நிமிடம் முந்திக்கொள்ளும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

மிக்ஸியும் கிரைண்டரும்

9. அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு நம் ஊரிலேயே '110 வோல்ட் மிக்ஸி' தனியாகச் செய்து விற்கிறார்கள். ப்ரீத்தி போன்ற தமிழ்நாட்டு நிறுவனங்களிடம் இந்த வகை உண்டு. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் பெரிய சாதனக் கடைகளில் "அமெரிக்காவுக்கு எடுத்துப் போக 110 வோல்ட் மிக்ஸி வேணும்" என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். 110, 115, 120 என்று லேபிளில் எது போட்டிருந்தாலும் அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்றதுதான். பெட்டியில் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பாமல், மிக்ஸியின் அடியில் இருக்கும் லேபிளிலும் அதே வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அமெரிக்கத் தட்டைப் பின் மூன்றும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள்.

10. வாங்கிய 110 வோல்ட் மிக்ஸியை "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்" என்று வீட்டு சாக்கெட்டில் செருகவே கூடாது. அந்த நொடியிலேயே மோட்டார் எரிந்துவிடும். ஓட்டிப் பார்க்க விரும்பினால் கடையிலேயே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த மிக்ஸி விற்கும் கடைகளில் அதற்கான வசதி பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பிளக் மேல் "இங்கே செருகாதீர்கள், 110 வோல்ட்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பாட்டியோ வீட்டு வேலைக்கு உதவும் அக்காவோ தெரியாமல் போட்டுவிடும் வாய்ப்பு அதோடு போகும்.

11. பில் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி: வாரண்டி வெளிநாட்டில் செல்லுமா? போகும் நாட்டில் சர்வீஸ் உண்டா? இல்லை என்றால் சாதனத்தோடு உதிரி பாகங்களையும் சேர்த்து வாங்குங்கள். மிக்ஸிக்கு ஒரு ஜோடி கப்ளர், ஜார் மூடிக்கான வாஷர், ஒரு செட் கார்பன் பிரஷ், கூடுதலாக ஒரு சட்னி ஜார் போதும். கிரைண்டருக்கு ஒரு பெல்ட். நம் ஊரில் சில நூறு ரூபாயில் முடியும் இந்தப் பாகங்களுக்காக அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

12. இட்லி மாவு வெட் கிரைண்டரில் அரைத்தால்தான் திருப்தி என்பவர்களுக்கும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் டேபிள்டாப் கிரைண்டர்கள் நம் ஊரில் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டர்களைச் செய்யும் நிறுவனங்களே ஏற்றுமதிக்கென்று இவற்றைச் செய்கின்றன. நம் 230 வோல்ட் கிரைண்டரை டிரான்ஸ்பார்மர் வைத்து அமெரிக்காவில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் கூடி மாவு சூடாகும், பெல்ட்டும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். கல்லோடு சேர்த்துக் கிரைண்டரின் எடை 10 கிலோவைத் தாண்டும் என்பதால் விமான எடைக் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். கற்களைத் தனியே கழற்றித் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள்.

13. எல்லாவற்றையும் இங்கிருந்தே சுமக்க வேண்டியதில்லை. நியூஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ சாலை, சிகாகோவில் டெவன் அவென்யூ, கலிஃபோர்னியாவில் ஃபிரீமாண்ட், சன்னிவேல் என்று இந்தியர்கள் அதிகம் வாழும் இடங்களின் கடைகளில் 110 வோல்ட் இந்திய மிக்ஸியும் கிரைண்டரும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் எடைக் கவலை இல்லை, பழுது வந்தால் வாங்கிய கடையிலேயே கேட்கலாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் உறவினரிடம் விலையைக் கேட்டு, விமான எடைக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டிரான்ஸ்பார்மர் வாங்குவதானால்

14. வேறு வழியே இல்லை, நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸியைத்தான் அமெரிக்காவில் ஓட்ட வேண்டும் என்றால் ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மர் தேவை. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். எனவே மிக்ஸியின் வாட்டைப் போல இரண்டு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்பார்மராக வாங்குங்கள். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட். 750 வாட் என்று போட்டிருக்கும் டிரான்ஸ்பார்மரை வாங்கினால் ஊறவைத்த உளுந்தைப் போட்ட உடனே சூடேறித் திணறும்.

15. ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் என்ற பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ச் சாதனத்தை அமெரிக்காவில் ஓட்ட ஸ்டெப் அப். அமெரிக்கச் சாதனத்தை நம் ஊரில் ஓட்ட ஸ்டெப் டவுன். இரண்டு வேலையும் செய்யும் டிரான்ஸ்பார்மரில் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் பின்னால் இருக்கும். செருகும் முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எர்த் இணைப்புள்ள மூன்று பின் வகையையே வாங்குங்கள். ஈரமான மேடையிலிருந்து தள்ளி வையுங்கள். அரைத்து முடித்ததும் டிரான்ஸ்பார்மரின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதும் அது சூடாகும், மின்சாரமும் செலவாகும்.

16. உள்ளங்கையில் அடங்கும், எடையே இல்லாத 'டிராவல் கன்வெர்ட்டர்' ஒன்று விமான நிலையக் கடைகளில் கிடைக்கும். அதில் 1600 வாட், 2000 வாட் என்று பெரிய எண் போட்டிருக்கும். அந்த வகை, உள்ளே டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மின்சார அலையை வெட்டிக் கொடுத்து வேலை செய்வது. சாதாரண இஸ்திரிப் பெட்டி போன்ற வெறும் சூடேற்றும் சாதனத்தைச் சில நிமிடம் ஓட்ட மட்டுமே அது உதவும். மோட்டார், டிஸ்ப்ளே, டைமர், சிப் உள்ள எதையும் அதில் செருகாதீர்கள். 1000 வாட்டுக்கு மேல் தாங்கும் உண்மையான டிரான்ஸ்பார்மர் கையில் தூக்கினாலே பல கிலோ கனக்கும். எடையை வைத்தே இரண்டையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

17. அமெரிக்க வீட்டின் சாதாரண சாக்கெட் லைன் 15 ஆம்பியர். அதாவது 120 வோல்ட்டில் அதிகபட்சம் 1800 வாட், தொடர்ந்து ஓடுவதானால் 1440 வாட் வரைதான். அங்கே விற்கும் கெட்டிலும் ஹீட்டரும் 1500 வாட்டோடு நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே நம் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை எத்தனை பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் அந்த லைன் தாங்காது, பிரேக்கர் விழும். அங்கே மின் அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் சாக்கெட் தனியாக உண்டு. நம் சாதனத்தை ஓட்ட அதில் வயரை மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை கூடவே கூடாது.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

18. இங்கேயே விட்டுவிட வேண்டியவை: இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, எலெக்ட்ரிக் கெட்டில், டோஸ்டர், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சீலிங் ஃபேன். 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு இவற்றை எடுத்துச் செல்வதில் எந்த லாபமும் இல்லை. அங்கே போய் வாங்கினால் அந்த மின்சாரத்துக்கென்றே செய்தது, வாரண்டியோடு கிடைக்கும். ஹேர் டிரையர் மட்டும் விதிவிலக்கு. சில பயண மாடல்களில் 110, 220 என்று மாற்றும் திருகு இருக்கும். நாணயத்தால் திருப்பி வைத்த பிறகே செருக வேண்டும்.

19. மின்சாரமே வேண்டாத சாதனங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அடுப்பில் வைக்கும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பிரஷர் குக்கர், இட்லிப் பாத்திரம், பித்தளை ஃபில்டர் எந்த நாட்டிலும் உழைக்கும். வெளிநாட்டு அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கேஸ் இருக்காது. கண்ணாடி மேல்தட்டுள்ள மின் அடுப்பு அல்லது இண்டக்‌ஷன்தான் இருக்கும். எனவே அடிப்பாகம் தட்டையாக, இண்டக்‌ஷனுக்கும் ஏற்றதாக இருக்கும் குக்கரையும் தோசைக்கல்லையும் தேர்ந்தெடுங்கள். காந்தம் ஒட்டினால் அது இண்டக்‌ஷனில் வேலை செய்யும்.

20. வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது மருத்துவச் சாதனங்களின் லேபிளைக் கட்டாயம் பாருங்கள். இரவில் மூச்சுத் திணறலுக்கு வைக்கும் சிபாப் கருவிகளில் பெரும்பாலானவை 100–240 வோல்ட்டில் ஓடும். ஆனால் வீட்டில் வைத்திருக்கும் நெபுலைசர்கள் பலவும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்தவை. மூச்சிரைக்கும் நேரத்தில் கருவி ஓடாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யு.எஸ்.பி. அல்லது பேட்டரியில் ஓடும் சிறிய நெபுலைசர் ஒன்றை மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

21. நவராத்திரி கொலுவுக்கென்று ஆசையாக எடுத்துப் போகும் சீரியல் லைட் 230 வோல்ட்டுக்குச் செய்தது. அமெரிக்காவில் மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. அதற்குப் பதிலாக யு.எஸ்.பி.யில் எரியும் எல்.இ.டி. சரங்களை எடுத்துச் செல்லுங்கள். பாட்டு கற்கும் குழந்தைக்கு எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, தம்புரா வாங்கினால் அதன் அடாப்டரில் 100–240 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே அளவு வோல்ட், ஆம்பியர், முனை கொண்ட அடாப்டரை அங்கே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.

22. கல்லூரி விடுதிக்குப் போகும் மாணவர்கள் சாதனம் வாங்கும் முன் விடுதியின் விதிகளைப் படியுங்கள். பல பல்கலைக்கழக விடுதிகளில் அறைக்குள் ரைஸ் குக்கர், கெட்டில், ஹீட்டர் போன்றவற்றுக்குத் தடை உண்டு. புகை வந்தால் தீயணைப்பு அலாரம் அடிக்கும், கட்டடமே காலி செய்யப்படும். முதல் மாதத்துக்கு லேப்டாப், செல்போன் சார்ஜர்கள், இரண்டு அடாப்டர்கள் போதும். மீதியை இடம் பார்த்து வாங்கலாம். பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

பிளக், எர்த், ஃபியூஸ்

23. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், கத்தார், பிரிட்டன் நாடுகளில் மூன்று சதுரப் பின்கள் கொண்ட பெரிய பிளக்தான். இலங்கையில் அதுவும் உண்டு, நம் உருண்டைப் பின்னும் உண்டு. இந்தச் சதுரப் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. 700 வாட் வரையிலான சாதனத்துக்கு 3 ஆம்பியர், அதற்கு மேல் 13 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது வழக்கம். நம் மிக்ஸியின் பிளக்கை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து இந்தப் பிளக்காக மாற்றிவிட்டால் அடாப்டர் தொல்லையே இல்லை. எர்த் துளையில் பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ குத்தித் திறந்து இரண்டு பின் பிளக்கைச் செருகும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

24. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், கெட்டில் போன்ற உலோக உடலுள்ள சாதனங்களுக்கு எர்த் அவசியம். மலிவான அடாப்டர்கள் பலவற்றில் மூன்றாவது பின்னுக்குத் துளை இருக்கும், உள்ளே இணைப்பு இருக்காது. அப்படிப்பட்ட அடாப்டரில் சாதனம் ஓடும், ஆனால் வயர் எங்காவது உரசி மின்கசிவு ஏற்பட்டால் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். அமெரிக்க பிளக்கில் ஒரு தகடு சற்று அகலமாக இருப்பதும் பாதுகாப்புக்காகத்தான். நுழையவில்லை என்று அதை அரத்தால் ராவிவிடாதீர்கள்.

25. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர் ஆகியவற்றுக்கும் வோல்ட் உண்டு. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் சர்ஜ் புரொடெக்டரை நம் ஊரில் செருகினால், மின்னழுத்தம் எகிறிவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு உள்ளேயே எரிந்துவிடும். நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அங்கே கொண்டுபோய் ஒரே அடாப்டரில் நாலைந்து சார்ஜர்களைப் போடுவது வசதிதான். ஆனால் 100–240 சார்ஜர்கள் மட்டும்தான் அதில் ஏறலாம். ஹீட்டர், கெட்டில் எதையும் அதில் செருக வேண்டாம்.

திரும்பி வரும்போது

26. ஊர் திரும்பும்போது அங்கே வாங்கிய இன்ஸ்டன்ட் பாட், ரைஸ் குக்கர், காபி மேக்கர், பிரெட் மெஷின் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வர ஆசை வரும். வட அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. நம் ஊரில் ஓட்டுவதானால் ஒவ்வொன்றுக்கும் கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது நின்றுபோனால் சாதனமும் மூலையில் கிடக்கும். அங்கேயே நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டோ விற்றுவிட்டோ வருவதே நல்லது. ஊரில் உள்ளவர்களுக்குப் பரிசாகக் கட்டாயம் வாங்க வேண்டும் என்றால், இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்காகவே 220 வோல்ட் சாதனங்கள் விற்கும் கடைகள் சிகாகோ டெவன் அவென்யூ போன்ற இடங்களில் உண்டு. அங்கே லேபிளைப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதானால் லேபிள் படம் இல்லாத பொருளை விற்பவரிடம் வோல்ட், ஹெர்ட்ஸ் இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தரக்குறியையும் பாருங்கள்: இந்தியாவில் ஐ.எஸ்.ஐ., வட அமெரிக்காவில் யு.எல்., இ.டி.எல். அல்லது சி.எஸ்.ஏ., ஜப்பானில் பி.எஸ்.இ.

இந்த 26 குறிப்புகளையும் நினைவில் வைக்க முடியாவிட்டால் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் எந்தச் சாதனத்தையும் செருகும் முன் அதன் லேபிளில் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் படியுங்கள். சந்தேகம் இருந்தால் செருகாதீர்கள், தெரிந்தவரைக் கேளுங்கள். வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் பெட்டி கட்டும் முன் அவர்களையும் லேபிளைப் படிக்கச் செய்யுங்கள்.